வெள்ளம் வடிந்த பிறகு எங்கே போவது? நகரத்தில் வீடிழந்தவர்களுக்கு வீடு கிடைக்கும் வழி

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாற்றில் வெள்ளம் வடியத் தொடங்கியிருந்தது. தென்சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியை நிவாரண முகாமாக மாற்றியிருந்தார்கள். போர்வை கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். கரும்பலகையில் நவம்பர் மாதத் தேதி ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, ஊறிப்போன ரேஷன் அட்டையின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுநடுவே செய்தித்தாள் கிழிசலை வைத்து, மேலே ஒரு செங்கலை ஏற்றிக்கொண்டிருந்தார். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "எங்களை எங்கே தம்பி கொண்டுபோய் விடுவார்கள்?"

எப்போது வீடு கிடைக்கும், எவ்வளவு பெரிய வீடு என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். இந்தத் துறையைப் பற்றிப் பிறகு நான் படித்ததும் பார்த்ததும் எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே வருகின்றன. அதனால் இந்த விளக்கத்தையும் அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

இடம்பெயர்ந்தவர்கள் என்றதும் போரால் நாடுவிட்டு நாடு போகிறவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் சொந்த நாட்டுக்குள்ளேயே, பல சமயம் சொந்த ஊருக்குள்ளேயே, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். துரத்துவது போராக இருக்கலாம், புயலாக இருக்கலாம், ஆற்றங்கரையைச் சீரமைக்கும் திட்டமாகவும் இருக்கலாம். 2024ஆம் ஆண்டின் முடிவில் போர், வன்முறை, பேரிடர் ஆகியவற்றால் உலகெங்கும் இப்படி உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 8.3 கோடிப் பேருக்கு மேல். திட்டங்களுக்காக அப்புறப்படுத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். கிராமத்தில் வீடு போனால் அதே மனையில் ஓலையை வேய்ந்து மறுபடி தொடங்கலாம். நகரத்தில் மனையே கேள்விக்குறி. அங்கே நிற்கக்கூடாது என்று ஒரு சட்டமோ ஒரு திட்டமோ சொல்லும். இடம் பெயர்ந்தவருக்கு நகரத்தில் வீடு தருவது தனிக் கலை ஆனது இதனால்தான்.

இந்த வேலை பொதுவாக மூன்று கட்டமாக நடக்கும். முதலில் நிவாரண முகாம், அடுத்து தற்காலிகக் குடியிருப்பு, கடைசியில் நிரந்தர வீடு. முதல் கட்டம் நாள்கணக்கு, இரண்டாவது மாதக்கணக்கு, மூன்றாவது ஆயுள்கணக்கு. தாளில் இது ஒழுங்காகத்தான் தெரிகிறது. நடைமுறையில் ஒரு கட்டம் அடுத்த கட்டத்தின் காலத்தைத் தின்றுவிடும்.

முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி, கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம் என்று கைக்குக் கிடைத்த கூரை. இதற்குக்கூட உலக அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள் உண்டு. நிவாரண அமைப்புகள் சேர்ந்து வகுத்த ஸ்பியர் நெறிகள் என்பவை அவை. ஓர் ஆளுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர் இடம். நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று; அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கழிப்பறைக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு முக்கியம் என்று புரியும். முகாமில் இருக்கும் பெண்கள் இரவில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். தாழ்ப்பாள் இருக்கும் ஒரு கதவு, எரிகிற ஒரு விளக்கு, இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது.

முகாமைப் பள்ளியில் வைத்தால் பள்ளி திறந்தாக வேண்டும். அப்போது இரண்டாம் கட்டம் அவசரமாகப் பிறக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் நடந்தது இதற்குச் சரியான பாடம். வரிசை வரிசையாகத் தற்காலிகக் குடில்கள் எழுந்தன. பல இடங்களில் சுவருக்கும் கூரைக்கும் தார் பூசிய அட்டையைப் பயன்படுத்தினார்கள். விலை மலிவு, வேகமாக நிறுத்திவிடலாம். ஆனால் சித்திரை வெயிலில் தார் இளகும். உள்ளே குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. ஒரு பொறி பட்டால் வரிசையே எரியும். மழை வந்தால் தாழ்வான நிலத்தில் நின்ற குடில்களுக்குள் தண்ணீர். சில மாதங்களுக்கு என்று சொல்லிக் கட்டியவற்றில் சில குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன.

இந்தக் கட்டத்துக்கு வேறு வழியும் இருக்கிறது: வாடகை உதவி. குடில் கட்டும் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கச் சொல்வது. நகரத்தில் காலி வீடுகள் ஏற்கெனவே இருப்பதால் இது நியாயமான யோசனை. சிக்கல் தொகையில் இருக்கிறது. அரசின் குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கிருக்கும் குடும்பங்கள் வெளியே தங்குவதற்குத் தமிழ்நாட்டில் 'கருணைத்தொகை' தருகிறார்கள். 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக உயர்த்தினார்கள். கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் சென்னையில் இந்தத் தொகைக்கு ஒரு அறையின் மூலைகூடக் கிடைக்காது. அந்தப் பெயரும் எனக்கு உறுத்துகிறது. ஒருவருடைய வீட்டை அரசே இடித்துக் கட்டுகிறது. இடையில் அவர் தங்குவதற்குத் தருவது கருணைக் கணக்கில் எப்படி வரும்?

இனி மூன்றாம் கட்டம். இங்கேதான் நின்று பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. முதல் ஆண்டுகளில் அது செய்த வேலை இன்று பலருக்கு மறந்துவிட்டது: குடிசை இருந்த இடத்திலேயே நான்கு மாடிக் கட்டடம். மெரினாவை ஒட்டிய குப்பங்களில் அந்தக் காலத்துக் கட்டடங்களை நாம் பார்த்திருக்கிறோம். வீடு சிறியது, படி இருட்டு, தண்ணீர் கீழேதான் வரும். ஆனால் பின்கதவைத் திறந்தால் கடல். வலை, படகு, மீன் ஏலம், மயிலாப்பூர்ச் சந்தை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்.

1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முழு வீடு கட்டித் தராமல், சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, சாலை, வடிகால், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை அரசு போட்டுக் கொடுத்தது. மனைக்கான பணத்தைத் தவணையில் கட்டலாம். சுவரைக் குடும்பம் தன் கையிருப்புக்கு ஏற்ப எழுப்பிக்கொள்ளும். முதலில் ஓடு, பிறகு தளம், மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஓர் அறை. இந்த முறைக்கு 'மனையும் வசதிகளும்' என்று பெயர். இன்று அரும்பாக்கத்தில் நடந்தால் அது ஒரு காலத்தில் ஏழைகளுக்கான மனைத்திட்டம் என்பதே தெரியாது. அவ்வளவு சாதாரணமாக நகரத்தோடு கலந்துவிட்டது. ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

2000க்குப் பிறகு திசை மாறியது: இருந்த இடத்தில் கட்டாமல், நகருக்கு வெளியே பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்குக் கட்டடங்களில். சுனாமியில் வீடிழந்த சென்னை மீனவக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் செம்மஞ்சேரிக்குப் போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நகரின் மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல்.

ஏன் இவ்வளவு தூரம்? இதில் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. கணக்கு அப்படித் தள்ளுகிறது. நகருக்குள் நிலம் விலை அதிகம், கிடைப்பதும் துண்டு துண்டாக. வெளியே போனால் ஒரே இடத்தில் பெரிய பரப்பு. மத்திய அரசின் நிதியோ காலக்கெடுவோடு வருகிறது. ஒரே இடத்தில் பத்தாயிரம் வீடு கட்டுவது, நூறு இடத்தில் நூறு நூறு வீடாகக் கட்டுவதைவிட எளிது. அதோடு ஆற்றங்கரை, கால்வாய் ஓரம், சாலை ஓரம் எல்லாம் வருவாய்த்துறை மொழியில் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. அங்கே முப்பது ஆண்டு இருந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவரிடம் 'உனக்கு எங்கே வேண்டும்' என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கில் வராமல் போனது குடும்பத்தின் செலவு. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஏலத்தில் நிற்க வேண்டும். செம்மஞ்சேரியிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் அதிலேயே போய்விடும். மீன் கூடையோடு திரும்பி வந்தால், புதிய இடத்தில் வாங்குகிறவர்களும் அவரைப் போலவே வருமானம் இழந்தவர்கள். அதேபோல வீட்டு வேலை செய்யும் பெண் காலையில் மூன்று வீடு முடித்து, மதியம் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டு, மாலையில் இரண்டு வீட்டுக்குப் போவார். இருபது கிலோமீட்டர் நடுவில் வந்ததும் அந்த மதியம் காணாமல் போகிறது. அதோடு மாலை நேரத்து இரண்டு வீடுகளும். 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய உதவி. ஆனால் பஸ்ஸில் போகும் மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இடமாற்றச் செலவுக்கு 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் தருவதாக ஏற்பாடு. இழந்த வேலைக்கு அதை ஈடாக வைத்தால் அது ஒருவர் சம்பளத்தின் சிறு பங்கு. ஓராண்டுக்குப் பிறகு அதுவும் இல்லை.

பெரும்பாக்கத்தில் ஓர் ஏழாவது மாடி வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் குடம் நின்றது. கேட்டபோதுதான் புரிந்தது: ஒரே மூச்சில் மேலே ஏற முடியாதவர்கள் இரண்டு மாடி ஏறிக் குடத்தை இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, பிறகு தொடர்கிறார்கள். யாருடைய குடத்தையும் யாரும் தொடுவதில்லை. வீட்டுக்குள் ஜன்னலோரமாக ஒரு வலை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கடல் தெரியாத ஏழாவது மாடியில் வலை எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகாமுக்கான ஸ்பியர் அளவின்படி ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர், அதாவது 188 சதுர அடி வேண்டும். கண்ணகி நகரில் முதலில் கட்டிய நிரந்தர வீடுகள் ஏறத்தாழ 200 சதுர அடிதான். பேரிடரில் சில வாரம் தாங்க வேண்டிய இடமும், ஆயுள் முழுக்க வாழ வேண்டிய இடமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்திருக்கின்றன. பின்னர் வந்த பெரும்பாக்கத்தில் வீடு பெரிதானது. அது நல்ல மாற்றம். ஆனால் அவ்வளவு பெரிய மக்கள்தொகை ஒரு கிராம ஊராட்சியின் எல்லைக்குள் வந்து இறங்கியது. பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை, காவல் நிலையம் எல்லாம் மக்கள் வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடி வந்தன. இன்னொரு வேதனை: பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிய தாழ்வான பகுதி இது. வெள்ள அபாயம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள், மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள்.

அக்கம்பக்கம் சிதறுவது இன்னொரு இழப்பு. கண்ணுக்குத் தெரியாததால் திட்ட அறிக்கையில் அதற்கு இடமில்லை. ஜப்பானின் கோபே நகரம் இதைக் கசப்பாகக் கற்றது. 1995 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே சுமார் 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய தெருக்காரர்கள் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறினார்கள். முன்பின் தெரியாத முதியவர்கள் நகர எல்லையில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். தனியாக இறந்து, நாள்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பலர். அதற்கென்றே உள்ள 'கொடொகுஷி', தனிமைச் சாவு, என்ற சொல் நாடெங்கும் பேசப்பட்டது. ஜப்பானைத் தாக்கிய 2011 சுனாமிக்குப் பிறகு அங்கே சில ஊர்களில் தெருவோடு சேர்த்தே குடியமர்த்த முயன்றார்கள். நம் ஊரிலும் வீடு ஒதுக்குவதற்கான டோக்கன் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு டோக்கனையும் பார்த்துக் கொடுத்தால் செலவு ஒன்றும் கூடாது. பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீடு ஒரு நலத்திட்டத்துக்குச் சமம்.

யாருக்கு டோக்கன் என்பதே தனிப் போராட்டம். கணக்கெடுப்பு நாளில் வேலைக்குப் போயிருந்தவர், வாடகைக்கு இருந்தவர், ஒரே கூரையின்கீழ் கல்யாணமான இரண்டு மகன்களோடு வாழ்ந்த குடும்பம் ஆகியோர் பட்டியலில் விடுபட்டுப்போகிறார்கள். மூன்று குடும்பத்துக்கு ஒரு கதவு எண், ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வீடு. இந்த இடத்தில் சுனாமி மறுவாழ்வு ஒரு நல்ல முன்மாதிரியை விட்டுச் சென்றிருக்கிறது: 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, புது வீட்டின் உரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தரச் சொன்னது. கடலோரக் கிராமங்களில் தன் பெயரை முதன்முதலாக ஒரு பத்திரத்தில் பார்த்த பெண்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொண்டால் போதும். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்சநீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றது. ஒருவரை நடைபாதையிலிருந்து அகற்றுவது அவர் பிழைப்பைப் பறிப்பதாகும் என்றும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உரிய முறைப்படி அகற்றுவதை அது தடுக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, காத்திருக்கச் சொன்னது. பம்பாயில் அக்டோபரில் மழை முடிகிறது. சென்னையில் அப்போதுதான் தொடங்குகிறது. இங்கே குடும்பங்களை இடமாற்றும்போது மழையையும் பார்க்க வேண்டும், பள்ளி நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு நடக்கும் வாரத்தில் லாரி வந்து நின்றால், அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த லாரியோடு இறங்கிவிடும். அப்படி நடந்திருக்கிறது.

அப்படியானால் நகருக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியாதா? சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் ஒரு பதில் கிடைக்கிறது. நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் முப்பது ஆண்டுகளாக நெருக்கியடித்து வாழ்ந்தவை ஏறத்தாழ நூறு குடும்பங்கள். அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலத்தை வாங்கி முழு வீடும் கட்ட அது போதாது. வழக்கமாக என்ன நடக்கும்? ஊருக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவும் அவர் குழுவும் நிலத்தை விட்டுக்கொடுக்காமல் வீட்டைப் பாதியாக்கினார்கள். குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளக் கடினமான பாதி, அதாவது சமையலறை, குளியலறை, படிக்கட்டு, தாங்கும் சுவர்கள், இவற்றை அவர்கள் கட்டினார்கள். பக்கத்தில் அதே அளவுக்கு வெற்றிடம் விட்டார்கள். மீதியைக் குடும்பங்கள் தாங்களே நிரப்பிக்கொண்டன. நம் அரும்பாக்கம் கால் நூற்றாண்டுக்கு முன்பே சொன்னதுதான்: முடிந்தவரை நல்ல இடத்தைக் கொடு, சுவர் பிறகு வளரும்.

இதை இங்கே செய்யத் தடையாக இருப்பது பெரும்பாலும் நேரம். வெள்ளம் வந்த பிறகு நிலம் தேடத் தொடங்கினால், காலியாக இருக்கும் பெரிய கட்டடம் எங்கோ அங்கேதான் போக முடியும். 2015இல் பெரும்பாக்கத்தில் வீடுகள் காலியாக இருந்தன. ஆற்றங்கரையில் குடிசைகள் இடிந்திருந்தன. இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். அவசரத்தில் எடுத்த அந்த முடிவு அந்தக் குடும்பங்களுக்கு நிலையான முகவரியாகிவிட்டது. ஒவ்வொரு வார்டிலும் பயன்படாமல் கிடக்கும் அரசு நிலம், பழைய அலுவலக வளாகம், இடிந்த குடியிருப்பு எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் மழைக்கு முன்பே கையில் இருந்தால், அடுத்த முறை வேறு முடிவு எடுக்கலாம்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. இந்த மழைக்கு எந்தப் பள்ளி முகாம், அதில் பெண்களுக்கு எத்தனை கழிப்பறை? பள்ளி திறந்ததும் மக்கள் எங்கே தங்குவார்கள், வாடகை தருவதென்றால் எவ்வளவு? கணக்கெடுப்பில் வாடகைக் குடித்தனக்காரர்களைச் சேர்ப்பார்களா? நம் வார்டுக்குள் வீடு கட்டக்கூடிய அரசு நிலம் எது, அதன் சர்வே எண் என்ன? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை உட்காராதீர்கள்.